பாளையடிக் கருப்பும் நாற்பதடி ரோடும்

கோச்சடை
ஈசுவர வருஷம் மாசி மாதம் 9-ந் தேதி

சிரஞ்சீவி மாப்பிள்ளை சுருளிக்கு, உன் ஆத்தாவுடன் பிறந்தவனும், உன் அய்யா காலமான நாள்முதல் உன்னைத் தோளில் போட்டு வளர்த்தவனும், வைகைத் தென்கரையில் என்னைக் கேட்காமல் ஒரு காக்கை கூட எச்சமிடாது என்று பெயர் எடுத்தவனுமாகிய தாய்மாமன் வீரணன் ஆசீர்வதித்து எழுதிக்கொண்டது. இங்கு நான், உன் ஆத்தா ஒச்சாயி, உன் அத்தை ராமக்காள், எருமைகள் இரண்டு ஆகிய யாவரும் தெய்வ கிருபையில் சுகமாய் இருக்கிறோம். தென்னைகள் மட்டும் சுகமில்லை. அவற்றின் சங்கதியைச் சொல்லத்தான் இந்தக் காகிதம். அங்கே உனக்குக் காய்ச்சல் முழுக்க விட்டதா, ரங்கூன் அரிசி மில்லில் உமித்தூசி நெஞ்சில் இறங்காமல் வாயில் துணி கட்டிக்கொள்கிறாயா என்பதை வரும் கப்பலில் தெரியப்படுத்தவும்.

உன் கடிதம் தை மாதம் இருபத்தைந்தாம் தேதி உச்சிப்பொழுதில் வந்தது. மூன்று மாதம் உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. உன் ஆத்தா தபால்காரரைப் பார்த்த பார்வையில் அந்த மனுஷர் நம் தெருவுக்குள் வருவதையே விட்டுவிட்டு ஆற்றுக்குள் இறங்கிச் சுற்றிப் போய்க்கொண்டிருந்தார். காய்ச்சலில் கிடந்தேன், எழுதினால் கவலைப்படுவீர்கள் என்று எழுதாமல் இருந்துவிட்டேன் என்கிறாய். மாப்ள, பெற்றவளுக்குக் கவலையை மிச்சம் பிடித்துக் கொடுத்த மகனை ஈரேழு பதினான்கு லோகத்திலும் உன் ஒருத்தனைத்தான் பார்க்கிறேன். இனி காய்ச்சல் வந்தால் காய்ச்சல் என்றே எழுது. கை நடுங்கினால் நடுங்குகிற கையாலேயே ஒரு கோடு போட்டு அனுப்பு, அது சுருளி போட்ட கோடு என்று அவள் கண்டுகொள்வாள். பெரிய எருமை கிடாரிக் கன்று போட்டிருக்கிறது. பிறந்து அரை நாழிகைக்குள் எழுந்து நின்று என்னை முறைத்தது. உன் அத்தை பக்கத்தில் நின்றிருந்தாள், பார்த்துக் கற்றுக்கொண்டிருக்கும்.

இப்போது தோப்பு விஷயத்துக்கு வருகிறேன். மார்கழி மாதம் முதல் வாரத்தில் தண்டோராக்காரன் வந்து கொட்டித் தீர்த்துவிட்டு, என்னுடைய தென்னை ஒன்றிலேயே பசை தடவி ஒரு நோட்டீஸை ஒட்டிவிட்டுப் போனான். அதில் பாதியை வெள்ளாடு தின்றுவிட்டது. மீதிப் பாதியை நான் வாசித்தேன். மதுரையில் பட்டு வியாபாரம் செய்யும் ராஜாராம் என்பவர், நம் தோப்புக்கு வடக்கே ஆற்றோரமாய்ப் பதினாலு ஏக்கர் வாங்கி, அதில் அறுபது வீடும் நாலு தெருவும் கட்டப் பிளான் போட்டிருக்கிறார், அந்தப் புதிய குடியிருப்புக்குப் போக நாற்பதடி அகலத்தில் ஒரு ரோடு நம் தோப்பு வழியாக வரும், ஆட்சேபம் உள்ளவர்கள் முப்பது நாளைக்குள் டவுன் பிளானிங் கமிட்டிக்கு எழுதிக்கொடுக்கலாம் என்று கண்டிருந்தது. பிளானில் அந்த ரோடு என் கிழக்கு வரிசை முப்பத்தொரு மரத்தின் மேல் வெற்றிலையில் காம்பு கிழித்த மாதிரி நேராய்ப் போயிற்று. அதற்கும் கிழக்கே உன் பெயரில் இருக்கும் வீடு, கிணறு, உன் ஆத்தா போட்ட கத்தரிப்பாத்தி எதற்கும் ஒரு விரற்கடை சேதமில்லை. இதை நன்றாய் மனதில் வைத்துக்கொள். முதல் பிளானில் உன் ஆத்தாவுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. நஷ்டமெல்லாம் எனக்குத்தான்.

அந்த முப்பத்தொரு மரம் என்ன மரம் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. பேச்சிமுத்து பாளை சீவிக் கலயம் கட்டி இறக்குகிற கள்ளுக்காகப் பழங்காநத்தத்திலிருந்து ஆட்கள் நடந்தே வருகிறார்கள். போகும்போது நடந்து போனார்கள் என்று சொல்ல முடியாது. மேற்கே இருக்கும் நாற்பத்துநாலு மரமும் சுரக்கும்தான், ஆனால் கிழக்கு வரிசைக் கள்ளைக் குடித்த ஒருவன் எதிரில் வந்த ரயில் எஞ்சினைப் பார்த்து ஒதுங்கிப் போடா என்று சொல்ல, அது ஒதுங்கிப் போனதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். சேலம் ஜில்லாவில் கள்ளையே நிறுத்திவிட்டார்கள் என்ற செய்தி வந்த அன்று என் மரங்கள் மூன்று நாள் பாளை விடாமல் துக்கம் காத்தன. இப்பேர்ப்பட்ட மரங்களை வெட்டி ரோடு போடுவதா என்று எனக்குக் குலை எரிந்தது.

ராஜாராம் என் வாசல் தேடி ஒரு தடவை வந்தார். வீட்டில் அவர்கள் சௌராஷ்டிர பாஷை பேசுகிறவர்கள், நம்மிடம் நம்மைவிடச் சுத்தமான தமிழ். அவர் கெட்ட மனுஷர் இல்லை என்பதே எனக்குப் பெரிய இடைஞ்சல். ஊருக்குள் மகால் பக்கம் ஒரே வீட்டில் ஐந்து குடும்பம் இருக்கிறதாம், தறிக்குழியில் கால் வைத்தவன் எழுந்தால்தான் அடுத்தவன் படுக்க இடமாம், தன் தங்கை வசுந்தராவுக்கு நெஞ்சு சளி, வெயில் படுகிற அறை வேண்டும் என்று வைத்தியர் சொல்லியிருக்கிறாராம், அறுபது குடும்பம் காற்றைப் பார்க்கட்டும் அண்ணே என்றார். ஞாயமாய்த்தான் பட்டது. ஞாயமாய்ப் பட்டதால் எனக்கு இன்னும் கோபம் வந்தது. மோர் கொடுத்து அனுப்பிவிட்டு அன்று சாயந்தரமே ஆட்சேப மனு எழுத உட்கார்ந்தேன்.

ஒன்பது காரணம் எழுதினேன். அவ்வளவும் உனக்கு எழுதினால் கப்பல் கனம் தாங்காது. இந்தத் தோப்புக் காற்று பட்டால்தான் மீனாட்சி கோபுரத்தில் புறா தங்கும் என்று முதல் காரணம். நாலாவது காரணம், தோப்பின் மேற்குப் பக்கம் தரைக்கடியில் வைகையின் ஊற்று ஒன்று ஓடுகிறது, முன்னொரு காலத்தில் அங்கே நின்ற யானை ஒன்று அம்பாரியோடு இறங்கிப்போய் இன்றுவரை வெளியே வரவில்லை, ஆகையால் அந்தப் பக்கமும் ரோடு போட எண்ணாதீர்கள் என்று. கிழக்கு வரிசையை விட்டுவிட்டு மேற்கு வரிசைக்கு வந்துவிடப் போகிறார்களே என்ற முன்யோசனையில் எழுதியது. என் முன்யோசனை எங்கே போய் முடிந்தது என்று பின்னால் சொல்கிறேன். எழுதி முடித்து, கோர்ட் வாசலில் மனு எழுதிக்கொடுக்கும் பேயாண்டியிடம் காட்டினேன். அவர் வாசித்துவிட்டு, மரம் என்றால் வெட்டுவார்கள், மனுஷன் என்றால் நகர்த்துவார்கள், யானையை நம்பவே மாட்டார்கள், கோயில் ஒன்று இருந்தால் மட்டும் தொடமாட்டார்கள், உம்முடைய கிழக்கு வரிசையில் கோயில் இருக்கிறதா என்று கேட்டார். நான் சற்று யோசித்து, இருக்கிறது என்றேன். என்ன சாமி என்றார். வாயில் வந்தபடி பாளையடிக் கருப்பு என்றேன். எவ்வளவு காலத்துக் கோயில் என்றார். பாண்டிய ராஜா போர் முடித்து வரும்போது இங்கேதான் வாளைக் கழுவினார் என்றேன். பத்தாவது காரணமாய் அதையும் எழுதிவிட்டார்.

தை பதினாறாம் தேதி பதில் வந்தது. கமிட்டித் தலைவரும் பிளான் உத்தியோகஸ்தரும் இருபத்தேழாம் தேதி காலை நேரில் வந்து இடத்தைப் பார்வையிடுவார்கள், பத்தாவது இனத்தில் கண்ட புராதனக் கோயிலை விசேஷமாய்ப் பார்ப்பார்கள் என்று இருந்தது. பதினேழாம் தேதி பட்டப்பகலில், ஊரே உண்டுவிட்டு உறங்குகிற நேரத்தில், பாண்டிய ராஜா செய்ய மறந்த காரியத்தை நான் செய்தேன். கிழக்கு வரிசையின் நடுமத்தியில் மூன்று கல் நட்டேன். இரண்டு ஆற்றில் பொறுக்கியது. நடுக்கல்லுக்கு லட்சணமான கல் கிடைக்கவில்லை. நம் வீட்டுக் கிணற்றடியில் துவைகல் போன வருஷம் இரண்டாய்ப் பிளந்து, ஒரு பாதியில் உன் அத்தை துவைத்துக்கொண்டும் மறுபாதியில் கால் தேய்த்துக்கொண்டும் இருந்தாள் அல்லவா, அந்தக் கால் தேய்க்கிற பாதியைப் பெயர்த்துக்கொண்டு போய் நட்டு, மூன்றுக்கும் சுண்ணாம்பும் காவியும் பட்டை பட்டையாய் அடித்து, எண்ணெய் தடவி, பழசாய்த் தெரிய அடுப்புக்கரி பூசி முடித்தேன். முடித்து நிமிர்ந்து பார்த்தால் எனக்கே பயமாய் இருந்தது. உன் அத்தை அன்று வாசலில் நின்று ஊருக்கெல்லாம் கேட்கும்படி, ஊர்ல உள்ளவுக சாமியத் தேடிக் கோயிலுக்குப் போறாக, இந்த மனுசன் எங்கல்லத் தூக்கிட்டுப் போயி சாமியாக்குறாரு, நாளைக்கு அம்மிய எடுத்துட்டுப் போயி அம்மனாக்குனாலும் ஆக்குவாரு என்று சொன்னதை நான் காதில் வாங்கவில்லை. பெரிய காரியம் செய்கிறவனுக்கு வீட்டில் மரியாதை இருக்காது.

கல் நட்டது மட்டும்தான் என் வேலை. அதற்குப் பிறகு நடந்தது ஒன்றும் என் கையில் இல்லை. மறுநாள் காலை பேச்சிமுத்து மரம் ஏற வந்தவன் கல்லைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், ஒன்றும் கேட்காமல் முதல் மரத்தில் இறக்கிய கள்ளில் ஒரு சிரட்டை ஊற்றிவிட்டு அடுத்த மரம் ஏறினான். அன்றைக்குப் பார்த்து மரங்கள் வழக்கத்துக்கு ஒன்றரைப் பங்கு சுரந்து தொலைத்தன. குடிக்க வந்தவர்கள் சும்மா இருப்பார்களா. முதல் நாள் ஒரு எலுமிச்சம்பழம், மூன்றாம் நாள் ஒரு சேவல், ஐந்தாம் நாள் மண்குதிரை ஒன்று. காணாமற்போன பசு ஒன்று தானாய் வீடு திரும்பி, அந்தப் பெருமையும் கருப்புக்கே சேர்ந்தது. ஆறாம் நாள் ஆற்றங்கரை அய்யனாருக்குப் பூசை செய்யும் நல்லகாமன் வந்தார். நமக்கும் அவருக்கும் வாய்க்கால் தண்ணீர் விஷயத்தில் பேச்சுவார்த்தை இல்லாதது உனக்குத் தெரியும். அவர் வந்து கல்லின் முன் நின்று கண்ணை உருட்டி ஒரு ஆட்டம் ஆடி, நான் அழகர்மலையிலிருந்து இறங்கி வந்து நானூறு வருஷமாய் இந்த மரத்தடியில் வெயிலில் நிற்கிறேன், எவனும் எனக்கு ஒரு கூரை போடவில்லை என்று சாமி வாக்காய்ச் சொல்லிவிட்டார். கூட்டத்தோடு சேர்ந்து நானும் கன்னத்தில் போட்டுக்கொள்ள வேண்டியதாயிற்று. அவரே பூசாரியும் ஆகிவிட்டார். என் கல், என் காவி, என் இடம், நல்லகாமன் கையால் எனக்கே விபூதி. கருப்பைக் கொண்டுவந்தவனுக்கு இதைவிட வேறு என்ன தண்டனை வேண்டும்.

இருபத்தேழாம் தேதி காலை மோட்டாரில் வந்து இறங்கினார்கள். தலைவர் ஜட்ஜாய் இருந்து ஓய்வு பெற்றவர், வெட்டிப் போட்ட தென்னங்கட்டை ஒன்றைத் துடைத்துக் கொடுத்ததும் அதில் உட்கார்ந்துவிட்டார். பிளான் உத்தியோகஸ்தர் இளவயசு, மூக்குக் கண்ணாடி, ஒரு வார்த்தைக்கு இரண்டு வார்த்தை பேசுவதில்லை. ராஜாராம் ஒரு ஓரமாய் நின்றார். ஊர் முழுக்கத் திரண்டிருந்தது, சோழவந்தானிலிருந்தும் ஆள் வந்திருந்தார்கள் என்றால் பார்த்துக்கொள். உத்தியோகஸ்தர் கருப்பைக் கண்டதும் நாலு அடி தள்ளிச் செருப்பைக் கழற்றினார். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. சங்கிலி போட்டு அளந்தார், சுற்றிலும் முப்பதடி விட்டுக் குச்சி அடித்தார், பிளான் காகிதத்தைக் கட்டையின் மேல் விரித்து, வழிபாட்டு ஸ்தலத்தைத் தொடக்கூடாது, அதைச் சுற்றிக் காலியிடமும் விடவேண்டும், ஆகையால் ரோடு இந்த வரிசையில் வராது என்றார். என் முப்பத்தொரு மரமும் பிழைத்தன. அந்த ஒரு நிமிஷம் மாப்ள, எனக்குப் பட்டாபிஷேகம் நடந்த மாதிரி இருந்தது, வானத்திலிருந்து பூமாரி பெய்யாதது ஒன்றுதான் குறை.

அடுத்த நிமிஷம் அவர் சிவப்புப் பென்சிலை எடுத்தார். மேற்குப் பக்கம் நாலாவது இனத்தில் மனுதாரரே ஊற்று நிலம் என்று எழுதியிருக்கிறார், யானை புதைந்த சங்கதியும் கண்டிருக்கிறது, அங்கே ரோடு நிற்காது, ஆகையால் கிழக்கே அறுபதடி தள்ளிப் போடலாம் என்று சொல்லி ஒரு கோடு இழுத்தார். அந்தக் கோடு உன் ஆத்தா வீட்டுக்குள் வாசல் வழியாய்ப் போய்ப் புறக்கடை வழியாய் வெளியே வந்து கிணற்றில் இறங்கிற்று.

உன் ஆத்தா கூட்டத்தின் ஓரத்தில் நின்றிருந்தாள். பிளான் பார்க்கத் தெரியாது, ஆனால் உத்தியோகஸ்தர் கையை எந்தப் பக்கம் நீட்டுகிறார் என்று பார்க்கத் தெரியும். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை, முந்தானையை மட்டும் இழுத்துச் செருகிக்கொண்டாள். உன் அய்யா மண் பிசைந்து எழுப்பின சுவர் அது. நீ பிறந்த உள்வீடு. எங்கள் குடும்பத்தில் பொய் சொல்லி அடுத்தவன் வீட்டை இடித்தவர்கள் உண்டு, சொந்தத் தங்கை வீட்டை இடித்தவன் நான்தான் முதல்.

கருப்பு சின்ன சாமி, கோபமில்லாத சாமி, பத்தடி நகர்ந்து உட்காரச் சொன்னால் உட்காரும் என்று மெதுவாய் ஆரம்பித்தேன். கூட்டம் முணுமுணுத்தது. நல்லகாமன் கண்ணை உருட்டத் தொடங்கினார். வேறு வழியில்லாமல் தலைவர் முன்னால் போய் நின்று துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, அய்யா, இந்தச் சாமிக்கு இன்றோடு பதினோரு நாள் வயது, நட்டவன் நான் என்று சொல்லிவிட்டேன். யாரும் நம்பவில்லை. ஐம்பத்தாறு வருஷத்தில் நான் ஊரறிய உண்மை பேசினது அதுதான் முதல் தடவை, அதைத்தான் பொய் என்றார்கள். அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு உன் அத்தை வந்தாள். இடுப்பில் துவைகல்லின் மறுபாதி. நடுக்கல்லின் பக்கத்தில் அதை இறக்கி வைத்துப் பொருத்திக் காட்டினாள். அம்மியும் குழவியும் அவ்வளவு பொருந்தாது. ராஜாராம் மட்டும் இருமுகிற மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

தலைவர் உத்தியோகஸ்தரைப் பார்த்தார். உத்தியோகஸ்தர் சட்டப் புத்தகத்தைப் புரட்டி, சாமிக்கு எத்தனை வயது என்று இதில் கேட்கவில்லை, வழிபாடு நடக்கிறதா என்றுதான் கேட்டிருக்கிறது என்றார். பிறகு, இந்த மாற்றத்தால் வீடு இழக்கிறவர் யாரோ அவரை விசாரித்துப் பதிந்துகொள்கிறேன் என்று உன் ஆத்தாவைக் கூப்பிட்டார். தலைவர் அவளிடம் நிதானமாய் எடுத்துச் சொன்னார். அம்மா, இது துவைகல் என்று உன் அண்ணனே சொல்லிவிட்டார், உன் வீடுதான் பாதையில் இருக்கிறது, நீ இதைக் கும்பிடவில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் வழிபாட்டு ஸ்தலம் இல்லை என்று எழுதி ரோட்டைப் பழைய இடத்துக்கே மாற்றிவிடலாம், நீ கும்பிடுகிறாயா என்று கேட்டார். நான் அவளைப் பார்த்து இல்லை என்று தலையை ஆட்டு ஆட்டென்று ஆட்டினேன், கழுத்து இரண்டு நாள் வலித்தது.

உன் ஆத்தா சொன்னாள். "கும்பிடுறேன்யா. தெனமும் பொழுதுசாய வெளக்கு வைக்கிறேன்."

துவைகல் என்று தெரிந்துமா என்று தலைவர் கேட்டார்.

"அண்ணன் கல்லு நட்டப்ப கெணத்தடியில நின்னு பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். எம்புள்ள மூணு மாசமாக் காயிதம் போடல. பெரிய கோயில்லயெல்லாம் கூட்டம். இது பக்கத்துல இருந்துச்சு, சும்மாவும் இருந்துச்சு, இதுகிட்டச் சொன்னேன். ஒம்பதாம் நாளு காயிதம் வந்துருச்சு. வீடு போகுதுன்னு இப்ப வந்து கும்பிடலன்னு எப்படிய்யா சொல்லுவேன்."

நல்லகாமன் கண்ணை உருட்டுவதை நிறுத்திவிட்டார். உத்தியோகஸ்தர் 'வழிபாடு உண்டு' என்று எழுதிக்கொண்டார். நான் உன் ஆத்தா பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை, என்னைப் பெரிய சூராதி சூரன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறேன், அந்த முகத்தைப் பார்க்கிற தைரியம் மட்டும் எனக்கு இல்லை.

பிறகு நான் செய்ததை ஊரில் பலபேர் பலவிதமாய் உனக்கு எழுதுவார்கள். தங்கைக்காக மரத்தைக் கொடுத்த உத்தமன் என்று எழுதுவார்கள். நம்பாதே. உன் அத்தை துவைகல்லை மறுபடியும் இடுப்பில் தூக்கிக்கொண்டு என் எதிரே நின்றிருந்தாள் என்பதே காரணம். நாலாவது இனத்தை வாபஸ் வாங்குகிறேன் என்றேன். மேற்கே ஊற்றும் இல்லை, யானையும் இல்லை, இந்த ஊருக்கு யானையே வந்ததில்லை என்றேன். உத்தியோகஸ்தர் இந்த முறை என் வாய்வார்த்தையை எடுத்துக்கொள்ள மறுத்துவிட்டார். நிலம் கெட்டியானது என்று மனுதாரர் நிரூபிக்கட்டும் என்றார். ஆகையால் கமிட்டித் தலைவர், பிளான் உத்தியோகஸ்தர், சௌராஷ்டிர வியாபாரி, சோழவந்தான்வாசிகள் இத்தனை பேர் பார்த்திருக்க, வைகைத் தென்கரைக்கு அதிபதியாகிய நான் மேற்குத் தோப்பில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை குதித்துக் குதித்துப் போய்க் காட்டினேன். ஒரு இடத்திலும் புதையவில்லை. புதைந்திருந்தால் நன்றாய் இருந்திருக்கும். திருப்பிக் குதிக்கச் சொன்னார், குதித்தேன். அதற்குப் பிறகு சிவப்புக் கோட்டை அழித்துவிட்டுக் கருப்புக்கு மேற்கே நாற்பத்துநாலு மரத்தின் மேல் புதுக்கோடு போட்டார். நான் கையெழுத்துப் போட்டேன். உன் வீடு, கிணறு, கத்தரிப்பாத்தி எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கும்.

முதலில் ஒத்துக்கொண்டிருந்தால் போயிருக்க வேண்டியது முப்பத்தொன்று. மனு எழுதியதால் போவது நாற்பத்துநாலு. மிஞ்சின கிழக்கு வரிசையும் சாமி மரமாம், பாளையில் அரிவாள் படக்கூடாது என்று நல்லகாமன் வாக்குச் சொல்லிவிட்டார். ஆக, கோச்சடைக் கள் என்ற காவியம் நேற்றோடு முடிந்தது. கடைசிக் கலயத்தை நானும் பேச்சிமுத்துவும் உட்கார்ந்து குடித்தோம். அவன் சோழவந்தானில் ஒரு தோப்புப் பார்த்துக்கொண்டான், பெண்சாதி பிள்ளைகளோடு அடுத்த வாரம் போகிறான். என்மேல் அவனுக்கு வருத்தம் உண்டு, சொல்லவில்லை. அவனிடம் மட்டும் எனக்கு வேடிக்கையாய்ப் பேச வரவில்லை. கமிட்டியிலிருந்து வந்த உத்தரவு நகலில், கோயில் பெயர் பாளையடிக் கருப்பு, ஸ்தாபித்தவர் வீரணன் என்று முத்திரை போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். எந்தப் பாண்டிய ராஜாவுக்கும் இப்படி எழுத்து மூலமாய்க் கிடைத்ததில்லை.

இன்று காலை மேற்கே முதல் மரத்தில் கோடரி விழுந்தது. நான் அந்தப் பக்கம் போகாமல் கிழக்கு வரிசைக்கு வந்தேன். உன் ஆத்தா முந்தைய நாள் வைத்த அகல் திரி கருகிக் கிடந்தது. யாரும் இல்லாததால் உனக்கு மட்டும் சொல்கிறேன், செருப்பைக் கழற்றிவிட்டு, என் வீட்டுத் துவைகல்லை நானே கைகூப்பிக் கும்பிட்டேன். நட்டவன் கேட்டால் கொடுக்குமோ கொடுக்காதோ தெரியவில்லை. என்ன கேட்டேன் என்று எழுதிக் கேட்காதே. வருகிற சித்திரைக்குள் நீ கப்பல் ஏறி வந்து நின்றால், கேட்டது கிடைத்தது என்று நான் தெரிந்துகொள்வேன்.

சகல சம்பத்தும் நீண்ட ஆயுளும் பெற்று, கை கால் சுகத்தோடு, நாலு பேர் கைகாட்டுகிற மனுஷனாய் நீ இருக்கவேண்டும் என்று உன் ஆத்தா, அத்தை, நான் மூவரும் ஆசீர்வதிக்கிறோம். மறுபடியும் காய்ச்சல் வராமல் நிலவேம்பு காய்ச்சிக் குடி. மில்லில் யாரிடமாவது உங்கள் ஊரில் யானை புதைந்ததாமே என்று பேச்சு வந்தால் ஆமாம் என்றே சொல்லிவை, வெளியூரில் நம் கௌரவம் குறையக்கூடாது. வீட்டின் எல்லையைச் சரிபார்த்து ஒரு காகிதம் இத்துடன் வைத்திருக்கிறேன். வீடு உன் பெயரில் இருப்பதால் உன் கையெழுத்துதான் வேண்டுமாம், போட்டு அடுத்த கப்பலிலேயே திருப்பி அனுப்பு, மறக்காதே.

இப்படிக்கு,
குதித்த காலுக்கு விளக்கெண்ணெய் போட்டுக்கொண்டு,
உன் தாய்மாமன்
வீரணன்